சுவருக்கு முன் கை நீட்டியவர்

1

சம்மட்டி எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைத்தான் நலம் விசாரிப்பார். விரலை மடக்கி மெல்லத் தட்டுவார். தலையைச் சாய்த்துச் சற்றுக் கேட்பார். அதன் பிறகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். நகர நூலகத்தின் வாசிப்பு அறையில் நாங்கள் பழக்கமானதே இதனால்தான். ஓய்வுபெற்ற ஆசிரியனுக்குப் பிறர் செய்வதற்கெல்லாம் காரணம் கேட்கும் வியாதி உண்டு. கேட்டேன்.

"அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களான்னு பாக்கறேன், வாத்தியாரே."

அந்தப் பக்கம் பழைய செய்தித்தாள் கட்டுகள் மட்டுமே இருந்தன.

இந்தக் கதை பிறந்தது அங்கே. நானே கற்பனை செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அவர் இதை வாசிக்கப் போகிறார். (சம்மட்டி என்பது அவர் பெற்றோர் வைத்த பெயரன்று. போரில் அவர் கையிலிருந்த பெரிய சுத்தியலைப் பார்த்துச் சக சிப்பாய்கள் வைத்தது. போருக்குப் பின் அவர் சுத்தியலைத் தொடவில்லை. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றார்.)

2

முதல் தொடக்கம்: "நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் அந்தத் தெருவில் கால் வைத்தபோது வானம்"

வேண்டாம். வானம் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "நான் வீட்டைத் தேடிக்கிட்டிருந்தேன், வானத்தை யார் பாத்தா?" என்றார்.

இரண்டாவது தொடக்கம்: "ஒரு களஞ்சியத்தில் ஓர் எலி வாழ்ந்தது. சுவரைக் குடைவதில் அதற்கு நிகர் அதுவே. ஒருநாள் அது..."

இதை நான் மிகவும் ரசித்து எழுதினேன். வகுப்பறையில் எனக்கு எப்போதும் கைகொடுத்தவை விலங்குகளே. கதையில் நரி ஏமாற்றினால் எந்தப் பெற்றோரும் பள்ளிக்கு வந்து சண்டை போடுவதில்லை. சம்மட்டி தாளை வாங்கிப் படித்தார்.

"எலி யாரு?"

"நீங்கதான்."

"இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு ஒரு சிங்கம் கூடவா கிடைக்கலை?"

"சிங்கம் சுவரைக் குடையாதே, ஐயா."

"அப்ப மனுஷனாவே விட்டுடுங்க. எலிக்கு மனசு உறுத்தாது. எனக்கு உறுத்துச்சு."

எலியை அடித்துவிட்டேன். மனிதனாகவே தொடர்கிறேன்.

3

அந்தத் தெருவின் வீடுகள் தோளோடு தோள் ஒட்டியவை. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். தெருவில் தலை தெரிந்தால் குண்டு பாயும். ஆகவே படை தெருவில் இறங்கவில்லை. வீட்டின் பக்கச் சுவரை உடைத்து அடுத்த வீடு, அங்கிருந்து அதற்கடுத்த வீடு என்று சமையலறைகளையும் படுக்கையறைகளையும் கடந்து முன்னேறியது. அதற்கொரு விதி இருந்தது. உடைக்குமுன் சுவரைத் தட்ட வேண்டும். காது வைத்துக் கேட்க வேண்டும். அப்பால் ஆள் இருந்தால் விலகச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். தெருவுக்கு அஞ்சியவர்கள் ஒண்டிக்கொள்வது இந்த உட்சுவர்களின் ஓரத்தில்தான்.

கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவரின் வீட்டை அடைந்தார்கள். அவர் அப்போது இளைஞர். ஓடி வந்து சுவருக்கு முன் கையை நீட்டி மறித்தார்.

"அந்தப் பக்கம் தபால்காரர் இருக்காரு, அவர் பொண்ணும் இருக்கு. தட்டிட்டு உடைங்க. இல்லேன்னா வேற எடத்துல உடைங்க!"

பின்னாலிருந்து அதிகாரி அவசரப்படுத்தினார். சம்மட்டி அந்த மனிதரைத் தோளால் தள்ளிவிட்டு, தட்டாமலே ஓங்கி அடித்தார். செங்கற்கள் தபால்காரரின் காலில் சரிந்தன.

[இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. வலியை வருணித்திருந்தேன். பாதி வாசித்ததும் சம்மட்டி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். பத்தியை எடுத்துவிட்டேன்.]

புழுதி அடங்கியபோது ஓட்டையின் இப்புறம் இருவர் தெரிந்தனர். சுத்தியலோடு ஒரு சிப்பாய். அவர் அருகே, இன்னும் கையை நீட்டியபடி பக்கத்து வீட்டுக்காரர். தபால்காரரும் மகளும் கண்டது இந்தக் காட்சியை மட்டுமே. தட்டச் சொன்ன குரல் வெடிச்சத்தத்தில் அவர்களை எட்டவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். சம்மட்டி தபால்காரரைத் தோளில் போட்டுக்கொண்டார். சிறுமி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். உடைத்து வந்த வழியே வீடு வீடாகத் திரும்பிப்போய் வெளியேறினார்கள். அடுத்த நாள் படை வேறிடம் நகர்ந்தது. அந்தக் கால் என்னவாயிற்று என்பது சம்மட்டிக்குத் தெரியாமலே போயிற்று.

4

சென்ற மாதம் அவர் அங்கே போனார். மன்னிப்புக் கேட்கத்தான். பேருந்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனதாகச் சொன்னார்.

தபால்காரரின் வீடு திரும்பக் கட்டப்பட்டிருந்தது. முன்னறையில் தையல் கடை. இயந்திரத்தின் முன் ஐம்பதைக் கடந்த ஒரு பெண்மணி. சம்மட்டி வழக்கம்போலச் சுவரைத் தட்டினார்.

"வீடு விக்கிறதா இல்லைங்க" என்றாள் அவள், தலை தூக்காமலே.

"இந்தச் சுவரை உடைச்சவன் நான்தாம்மா."

தையல் நின்றது.

[இங்கே அவளை அழவைத்திருந்தேன். "அழலை வாத்தியாரே. எழுந்து போய்க் கதவைச் சாத்தினா. அடிக்கப் போறாளோன்னு பயந்தே போயிட்டேன்" என்று திருத்தினார்.]

"எங்கப்பாவைத் தூக்கிட்டுப் போனது நீங்களா?"

"காலை உடைச்சதும் நான்தாம்மா."

"அது தெரியும். நாங்க வெளிய போன கொஞ்ச நேரத்துல கூரை மொத்தமும் எரிஞ்சு விழுந்துச்சு. நீங்க உடைக்கலேன்னா நாங்க ரெண்டு பேரும் அதுக்கடியிலதான். ஒரு காலை வாங்கிக்கிட்டு ரெண்டு உசிரைக் குடுத்தான்னு அப்பா கடைசி வரைக்கும் உங்களை வாழ்த்திக்கிட்டே இருந்தாரு. தபால் வேலை போச்சு. உக்காந்த எடத்துல தையல் கத்துக்கிட்டாரு, எனக்கும் சொல்லிக்குடுத்தாரு. நிக்காதீங்க, உக்காருங்க. டீ குடிப்பீங்கல்ல?"

ஒத்திகை பார்த்த சொற்கள் எல்லாம் வீணாயின. மன்னிப்புக் கேட்கப் போனவர் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. இரண்டு வாய் குடித்தபின் அவர் சொன்னார்:

"இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சை நான் கேட்டிருக்கணும்."

"அவன் பேச்சை எடுக்காதீங்க! இந்தச் சுவரைக் காட்டிக் குடுத்ததே அவன்தானே. கையை நீட்டிக்கிட்டு நின்னதை என் கண்ணால பார்த்தேன்."

"காட்டினாரா? ஐயையோ, மறிச்சாரும்மா! தட்டிட்டு உடைங்கன்னு கெஞ்சினாரு. நான்தான் அவரைத் தள்ளிவிட்டேன்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். அவள் கத்திரிக்கோலை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"ரெண்டு தடவை அவர் எங்க வீட்டுக்கு ஏதோ சொல்ல வந்தாரு. அப்பா கதவைச் சாத்திட்டாரு. அப்பா போனதுக்கப்புறம் ஒரு தடவை வந்தாரு. அன்னிக்குச் சாத்தினது நான்."

(அவன், அவர் ஆகிவிட்டார். தேநீர் ஆறுவதற்குள் இது நடந்தது.)

ஒரே சுவரின் இருபுறமும் நாற்பது ஆண்டுகள். அவருடைய இருமல் இவளுக்குக் கேட்கும். இவளுடைய இயந்திரம் அவருக்குக் கேட்கும். தெருவே இவள் தைத்ததை உடுத்தியது, அந்த ஒரு வீட்டைத் தவிர. அவருடைய மனைவி இறந்த அன்றும் இவள் படியிறங்கவில்லை.

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு யோசித்தேன். இந்தக் கதையில் எல்லோரும் நன்றி சொல்கிறார்கள். அவள் சம்மட்டிக்கு, சம்மட்டி அவளுக்கு. இதையெல்லாம் என்னை நம்பிச் சொன்னதற்காக நான் சம்மட்டிக்கு. இதுவரை பொறுமையாகப் படித்ததற்காக உங்களுக்கும். முதலில் நன்றி பெற்றிருக்க வேண்டியவர் ஒருவர். அவருக்குத்தான் கதவு சாத்தப்பட்டது.

5

முடிவுகளில் சில:

அ. அவள் பக்கத்து வீட்டுக்குப் போகிறாள். அவர் முந்தின நாள்தான் இறந்திருக்கிறார். (சம்மட்டி மேசையைத் தட்டினார். "நல்லா இருக்கிற மனுஷனைக் கதைக்காகக் கொல்லாதீங்க. அன்னிக்குக் கடையில உக்காந்து வடை மாதிரி ஒரு பெரிய கடிகாரத்தைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டிருந்தாரு.")

ஆ. இரண்டு கிளிகள் ஒரே மரத்தில்... (இதை நான் காட்டவே இல்லை. அவர் முகத்தைக் கற்பனை செய்துகொண்டு நானே கிழித்தேன். விலங்குக் கதைகளில் வருத்தம் தெரிவிப்பது எளிது. கடைசி வரியில் நீதி வந்து எல்லோரையும் காப்பாற்றிவிடும்.)

இ. அவள் போகவில்லை. வெட்கம் தடுத்துவிட்டது. (இதுதான் நடக்கும் என்று நான் உறுதியாக நம்பினேன். அவ்வளவு காலம் சாத்திய கதவைத் திறப்பது லேசா? அவள் என்னைப் பொய்யனாக்கினாள். அதற்கும் நன்றி.)

6

அவள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "நீங்களும் வாங்க. நான் திணறினா எடுத்துக் குடுங்க" என்றாள். சம்மட்டியும் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்தானே, பின்னாலேயே போனார்.

கடிகாரக்காரர் தலைநிமிர்ந்து, வாசலில் நிற்பது யாரென்று பார்த்தார். அவள் பேசியதற்கு அவர் சொன்ன பதில் சம்மட்டிக்குத் தெரியும். எவ்வளவு கேட்டும் எனக்குச் சொல்ல மறுக்கிறார். "அது அவங்க ரெண்டு பேரோடது" என்கிறார். நானாக ஒன்றை இட்டுக்கட்ட மனமில்லை. அந்த வரியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வாழ்க்கையில் அப்படி ஒருவர் வாசலில் வந்து நின்றால் என்ன சொல்வீர்களோ, அதையே எழுதுங்கள்.

ஒரே ஒரு தகவல் மட்டும் தருகிறேன். அந்தத் தெருவில் அவள் தைத்த துணி முதல் தடவையே கச்சிதமாகப் பொருந்தும் என்பது பிரசித்தம். இனி அவள் சொன்னது, சொன்னபடியே:

"மாமா, நீங்க மறிச்சீங்கன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. எங்கப்பாவுக்கும் சேர்த்து நானே மன்னிப்புக் கேட்டுக்கறேன். கொஞ்சம் எழுந்து நில்லுங்க, சட்டைக்கு அளவு எடுக்கணும். ஒரே தடவையில எனக்குச் சரியா வராது. நாலஞ்சு வாட்டி நானே வந்து போட்டுப் பாக்கச் சொல்வேன். வரலாமா?"