கல் என்றால் நாளை

நாங்கள் குடியேறிய தீவில், ரங்கத் என்ற ஊரில், எங்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தது 1970-இல். காடு வெட்டிய சரிவில் கடைசியாக இரண்டு துண்டுகள் மிஞ்சின. ஒன்றில் ஓடை ஓடியது. மற்றது மேட்டில், தண்ணீர் இல்லாத தரை. பட்டியலில் சண்முகம் எனக்கு முன்னால் இருந்தார். ஓடை நிலம் அவருக்குத்தான் வரவேண்டும்.

சண்முகம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மனைவி மரகதத்தோடு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நான் தீவின் தலைநகரில், அபர்டீன் பஜாரில் ஜவுளிக்கடையில் மூன்று வருடம் நின்றவன். இந்தி நன்றாகத் தெரியும்.

நிலம் அளக்கும் அமீன் தலை நிமிராமல் சண்முகத்தின் படிவத்தில் குடும்ப அட்டைக்கான கட்டத்தைத் தட்டி, "கல் லானா" என்றார். குடும்ப அட்டையை நாளை கொண்டுவா என்று பொருள். இந்தியில் கல் என்றால் நாளை.

வெளியே வந்ததும் சண்முகம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"லானான்னா கொண்டா, அது தெரியும். கல்லு எதுக்குண்ணே? எல்லைக்கு நடவா?"

"ஆமா" என்றேன்.

திட்டமிட்டுச் சொன்னதில்லை. அவர் கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது. நான் அதைத் தடுக்கவில்லை. கெட்டவர்கள் வேறு ஒரு ஜாதி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் அமீன் அவர் பெயரைக் கூப்பிட்டார். "நஹி ஆயா" என்று நான்தான் சொன்னேன். அவர் வரவில்லைதான். அதில் பொய் எதுவும் இல்லை. அடுத்த பெயர் என்னுடையது. ஓடை நிலம் எனக்கு எழுதப்பட்டது. அந்த நேரத்தில் புருஷனும் பெண்சாதியும் நாலு கற்களைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறி, ஓடை நிலத்தின் நாலு மூலையிலும் வைத்துவிட்டு அமீனுக்காக வெயிலில் காத்திருந்தார்கள்.

கல் என்றால் நாளை என்று தெரிந்ததும் சண்முகம் சிரித்தார். டீக்கடையில் தானே அதைக் கதையாகச் சொன்னார். எங்களைப் போலக் குடியேறியிருந்த வங்காளிகள் அவரை 'பத்தர் பாபு' என்றார்கள். "கல்லுக்கு இந்தியில என்னான்னு இப்பல்லவா தெரியிது" என்று அதற்கும் சிரித்தார். "அண்ணனுக்கும் காது என்னைய மாதிரித்தான்" என்று என் தோளைத் தட்டினார்.

கோடை வந்தது. மரகதம் தினமும் மேட்டிலிருந்து இறங்கி என் ஓடையில் தண்ணீர் எடுத்தார். இரண்டாவது கோடையில் என்னால் முடியவில்லை. சண்முகத்திடம் சொல்லிவிட முடிவு செய்து மேட்டுக்குக் கிளம்பினேன். வழியில் மரகதம் குடத்தோடு வந்தார்.

"எங்கண்ணே, காலங்காத்தால?"

"அவரைப் பார்க்கணும் தங்கச்சி. அந்த நிலத்து விஷயமா."

குடத்தை இறக்கி வைத்தார்.

"ஒங்களுக்கு இந்தி தெரியும்னுதானே அன்னைக்கு ஒங்கள கேட்டாரு?"

நான் ஓடைப் பக்கம் பார்த்தேன்.

"எனக்கு அப்பவே தெரியும். அவருகிட்ட சொல்லல. இந்த ஊருல தனக்கு ஒரு அண்ணன் இருக்காருன்னு நெனச்சிக்கிட்டிருக்காரு. அவருக்கு வேற யாரும் இல்ல."

"சொல்லாம இருக்க முடியல தங்கச்சி."

"நீங்க சொல்லிட்டா ஒங்க நெஞ்சு லேசாகிப்போகும். அத அவரு எங்க கொண்டுபோயி எறக்குவாரு?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கினார். மேட்டில் சண்முகம் மண்வெட்டியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கையை அசைத்து, "வாங்கண்ணே" என்றார்.

போனேன். மழை எப்போது வரும் என்று பேசிவிட்டுத் திரும்பினேன்.