பாதாளம் என்ற சொல்

14.07.2024, ஞாயிறு.
இன்று ஒரு சிறு பிழை செய்தேன். ஆராதனையில் திரையில் காட்டும் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு சொல்லை யாரிடமும் கேட்காமல் மாற்றினேன். கேட்காதது பிழை. மாற்றியதும் பிழையா என்று தெரியவில்லை.

எழுதியதை ஜீவிதா திரும்பப் படித்தாள். 'சிறு' என்ற சொல் உறுத்தியது. அடித்துவிடலாமா என்று யோசித்தாள். காலையில் கோயிலுக்குள் நடந்ததை நினைத்தால் அது சிறியது இல்லை. ஆனால் அடித்தால் தன்னைப் பெரிதாக நினைத்துக்கொள்வதுபோல் ஆகிவிடும். அப்படியே விட்டாள்.

பகலில் அவளுக்குப் பட்டுச்சேலைக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலை. கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். மயிலின் கண்ணில் ஒரு கட்டம் தவறினாலும் சேலை முழுக்க எல்லா மயிலும் ஒன்றரைக் கண்ணோடு நிற்கும். வாரத்தில் மூன்று மாலை அவள் இறையியல் வகுப்புக்குப் போகிறாள். ஞாயிறுதோறும் செவிலிமேட்டில் இருக்கும் சபைக்குத் திரையில் பாட்டும் ஜெபமும் காட்டுவதும் அவள் பொறுப்பு. கம்ப்யூட்டர் தெரிந்த பெண் என்று செயலாளர் டேனியல்தான் கொடுத்தார்.

வகுப்பில் இந்த மாதப் பாடம், சொற்களின் கதை. ஜீவிதாவுக்கு அது பிடித்துப்போனது. ஒரு காலத்தில் ஊழியம் என்றால் கூலியில்லாமல் செய்தே தீரவேண்டிய வேலை. இவளுடைய முன்னோர்கள் பண்ணையில் செய்தது அதுதான். இன்று ஊழியர் என்றால் மாலை, மேடை, மைக். சாட்சி சொன்னவர்கள் அன்று உயிரை விட்டார்கள். இன்று சாட்சி என்றால் மகளுக்கு சீட் கிடைத்தது, மனை பதிவானது என்று சபையில் எழுந்து சொல்வது. அப்படித்தான் பாதாளமும். புராணத்தில் அது கீழ் உலகம். பைபிளில் நல்லவர் கெட்டவர் எல்லாருமே செத்தபின் போகும் இடம். காலம் போகப் போக ஜனங்கள் அதில் நெருப்பை வைத்து நரகமாக்கிவிட்டார்கள்.

விசுவாசப் பிரமாணத்தில் 'இயேசு பாதாளத்தில் இறங்கினார்' என்று வாராவாரம் சபை ஒன்றாகச் சொல்கிறது. சொல்கிறவர்கள் நரகம் என்றுதான் நினைக்கிறார்கள். தவறான கட்டத்தைப் பார்த்தபிறகு ஜீவிதாவால் சும்மா இருக்க முடியாது. சனிக்கிழமை அந்த இடத்தில் 'மரித்தோரிடம் இறங்கினார்' என்று அடித்து வைத்தாள்.

அவள் யோசிக்காதது ஒன்று. விசுவாசப் பிரமாணத்தை யாரும் திரையில் படித்துச் சொல்வதில்லை. வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போகும், கண் மட்டும் திரையில் இருக்கும். அந்த வரி வந்ததும் பாதிப் பேர் வாயின்படி பாதாளம் என்றார்கள், பாதிப் பேர் கண்ணின்படி மரித்தோர் என்றார்கள். இரண்டும் இடித்துக்கொண்டு நின்றன. சபை வாயடைத்துப் போனது. ஆயர் அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கிறார், எடுப்பார் இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒற்றைக் குரல் மட்டும், "பாதாளத்தில் இறங்கினார்" என்றது. மறுபடியும், "பாதாளத்தில் இறங்கினார்." மாவு விற்கும் அங்கம்மாள். அதற்கு மேல் ஒரு வரியும் சொல்லாமல், முந்தானையை இழுத்துக்கொண்டு பாதி ஆராதனையில் வெளியே போய்விட்டாள்.

முடிந்ததும் டேனியல் வந்தார்.

"யாரைக் கேட்டுமா மாத்துன?"

"கிளாஸ்ல சொன்னாங்கண்ணா, அந்த வார்த்தைக்கு முன்னாடி நரகம்னு அர்த்தமே இல்லன்னு..."

"மூணு மாசம் கிளாஸுக்குப் போனா அப்போஸ்தலர் ஆயிடுவியா? போப்பாண்டவர் போஸ்ட் எதுனா காலியா இருக்குதா பாரு, ஒரு அப்ளிகேஷன் போட்டு வைக்கலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜீவிதா அங்கேயே பழைய சொல்லைத் திருப்பி வைத்தாள். ஆனால் அங்கம்மாள் ஏன் எழுந்து போனாள் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

திங்கள் மாலை வகுப்பு இல்லை. வேலை முடிந்து செவிலிமேடு பஸ் ஏறி அங்கம்மாள் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே கிரைண்டர் சத்தம். தெரு லைட் இன்னும் போடவில்லை. அங்கம்மாள் கை முழுக்க மாவோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாமா, மாவா? இட்லிக்கா தோசைக்கா?"

"மாவு இல்லக்கா. மன்னிப்பு கேக்க வந்தேன். நேத்தே பழையபடி மாத்திட்டேன்."

"ஸ்கிரீன்ல மாத்திட்ட. என் காதுல எப்படிமா மாத்துவ?" கிரைண்டரை நிறுத்தினாள். "பாதாளம்னா நரகம் இல்லியாமே. நீதான் சொன்னியாம், தெருவே பேசுது."

ஜீவிதா ஒழுங்காக, வகுப்பில் எழுதிக்கொண்ட வரிசையிலேயே சொன்னாள். கீழ் உலகம், செத்தவர்கள் எல்லாரும் போன இடம், பிற்பாடு ஏறிய அர்த்தம். முடிந்ததும் அங்கம்மாள் கையிலிருந்த மாவை வழித்துப் போட்டாள்.

"எங்க ஊட்டுக்காரரை உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். முனிரத்தினம். ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை வரதராஜர் கோயிலுக்கு வருகிற வெளியூர்ச் சவாரியை எல்லாம் விட்டுவிட்டு, பெண்டாட்டியை சபைக்குக் கூட்டிவந்து கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. போன வருஷம் மாரடைப்பில் போனார்.

"உள்ள வாய்யான்னா, 'உங்க சாமிக்கு என் பீடி நாத்தம் ஆவாது, நீ போயிட்டு வா'ம்பாரு. செத்தப்போ டேனியல் அண்ணன் சொன்னாரு, ஞானஸ்நானம் வாங்காதவரு, நம்ம கல்லறைத் தோட்டத்துல எடம் இல்லன்னு. சரின்னு பாலாத்தங்கரைல பொதைச்சோம். அதோட வுட்டிருக்கலாம். 'அவரு போன எடத்துக்கு நம்ம ஜெபம் போய்ச் சேராதும்மா'ன்னாரு. எல்லாரும் தலைய ஆட்டுனாங்க."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் ஜீவிதாவுக்குப் பயமாக இருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கெழமை நின்னு சொல்லிக்கினு இருக்கறேன். இருவது வருசமா சொல்லிக்கினு இருந்த வரி, அன்னைக்குத்தான் காதுல வுழுந்துச்சு. பாதாளத்தில் இறங்கினார். ஜெபம் போவலன்னா போவுது, இயேசுவே போயிருக்கறாரு. போய் நம்மாளைப் பாத்திருப்பாரு. நம்மாளு அங்கயும் வண்டிய நிறுத்திக்கினுதான் உக்காந்திருப்பாரு." லேசாகச் சிரித்தாள். சிரிப்பு உடனே போய்விட்டது. "இப்ப நீ சொல்ற, அது நரகமே இல்லன்னு. அப்ப நரகத்துக்கு யாருமா எறங்குனா?"

வகுப்பில் இந்தக் கேள்வி வரவில்லை. அவர் நரகத்திலேயே இல்லை, செத்தவர்கள் எல்லாரும் இருந்த இடத்தில்தான் இருக்கிறார் என்று சொல்லலாம். சொல்ல அவளுக்கு என்ன அதிகாரம்? சபையே வேறு சொல்கிறது. டேனியல் சொன்னது தப்பு என்று சொல்லலாம். அது தப்புதான் என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியுமா?

"எனக்குத் தெரியலக்கா."

"தெரியாம ஏன்மா கை வெச்ச?"

ஒரு பையன் தூக்குப் பாத்திரத்தோடு வந்து நின்றான். அங்கம்மாள் அவனுக்கு மாவு ஊற்றிக்கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"நாளைக்கு அவரு செத்து ஒரு வருசம் ஆவுது. குழியாண்ட ஜெபம் பண்ண ஆயரைக் கூப்ட்டேன். கமிட்டியக் கேக்கணும்னாரு. கமிட்டின்னா டேனியல் அண்ணன். அண்ணன் முடியாதுன்னுட்டாரு. நீ வா."

"நானா?"

"காலைல குழியாண்ட வந்து நின்னு, விசுவாசப் பிரமாணத்தை மொத்தமா சொல்லு. பழைய சொல்லோட. நான் தனியா சொன்னா அது அழுகை. கோயில்ல இருந்து ஒரு ஆளு சொன்னாத்தான் அது ஜெபம்."

அந்த நேரம் பார்த்து ஜீவிதாவின் போன் அடித்தது. டேனியல். எடுக்காமல் விடலாமா என்று தோன்றியது. எடுத்தாள்.

"இன்னாமா, அங்கம்மா ஊட்டுல இருக்கறியாமே?"

"ஆமாண்ணா."

"மன்னிப்பு கேட்டியா? கேட்டுட்டு கெளம்பு. நாளைக்கு குழியாண்ட வான்னு அது கூப்புடும். போவாத. நம்ம சபை ஆளு போனா நாம ஒத்துக்கினோம்னு ஆயிடும். அப்புறம் ஆளாளுக்கு வருவாங்க, என் மாமனுக்கு, என் மச்சானுக்குன்னு. சபைன்னா ஒரு வரம்பு வேணும்மா. நான் ஒன்னும் கல்லு இல்ல, முனிரத்தினம் வண்டியில நானும் போயிருக்கறேன்." குரலைத் தாழ்த்தினார். "உன் பரிட்சைக்கு சபை லெட்டர் வேணும்ல? அதுல கையெழுத்து நான்தான் போடணும். மனசுல வெச்சுக்க."

அங்கம்மாளுக்கும் கேட்டிருக்கும். அவள் காதில் விழாததுபோல் கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

லெட்டர் இல்லாவிட்டால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லாவிட்டால் வகுப்பில் உட்கார்ந்த அத்தனை மாலையும் வீண்.

"அண்ணா, நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டேன்," என்றாள். அது சம்மதமா இல்லையா என்று அவர் கேட்பதற்குள் போனை வைத்தாள்.

"அக்கா, ஒன்னு சொல்லணும். நீங்க நெனைக்கிற அர்த்தத்துல என்னால சொல்ல முடியாது. அந்த வார்த்தைக்கு நரகம்னு அர்த்தம்னு நான் நம்பல. நம்பாம சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா?"

அங்கம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள்.

"நீ சொல்லுமா. அர்த்தத்தை நான் பாத்துக்கறேன்."

ஜீவிதா வாசற்படியில் உட்கார்ந்தாள். வகுப்பில் எத்தனையோ பேர் கைமாறி வந்த சொற்களைப் படித்திருக்கிறாள். ஒரு சொல் கண்ணெதிரே கைமாறுவதை இப்போதுதான் பார்த்தாள். அது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல அவளால் முடியவில்லை. பாதாளத்தில் முதலில் நெருப்பை வைத்ததும் இப்படி யாரோ ஒருத்திதானா? அதுவும் தெரியவில்லை.

"எத்தனை மணிக்குக்கா?"

"வெயிலுக்கு முந்தி. ஆட்டோ வேணாம், நடந்தே போயிடலாம்."

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் டைரியை எடுத்தாள்.

15.07.2024, திங்கள்.
அங்கம்மாள் அக்காவின் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்று சொன்னேன். அது உண்மை. டேனியல் அண்ணனிடம் போகமாட்டேன் என்று சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. அது கோழைத்தனம். போவதற்கு முன் அவருக்குச் சொல்லிவிட வேண்டும். லெட்டர் கிடைக்காமல் போகலாம்.

நாளை: ஐந்து மணிக்கு எழ வேண்டும். டேனியல் அண்ணனுக்குப் போன் செய்து, போகிறேன் என்று சொல்ல வேண்டும். அங்கம்மாள் அக்காவோடு நடந்து பாலாற்றங்கரை இடுகாடு. முனிரத்தினம் அண்ணனின் குழியருகே விசுவாசப் பிரமாணம் முழுவதும், சத்தமாக. பிறகு வேலைக்கு.