மெஷின் அக்காவின் விரல்

பவுடர் கம்பெனி லேபில் அவளுக்கு 'மெஷின் அக்கா' என்று பெயர். மூலையில் உராய்வை அளக்கும் நிஜ மெஷின் ஒன்று இருந்தாலும், அதன் பேச்சை யாரும் அவ்வளவாக மதிப்பதில்லை. இவள் ஒரு சிட்டிகைப் பவுடரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பாள். தட்டைத் துகள் வழுக்கும், உருண்டைத் துகள் உருளும், கூர்முனை இருந்தால் உறுத்தும். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். பதினெட்டு வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இப்போது அந்த விரல்களில் உணர்ச்சியே இல்லை. புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து கட்டியைக் கரைத்ததோ இல்லையோ, நுனித் தோலை வெங்காயச் சருகாக்கி, உணர்ச்சியையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. இன்னும் நான்கு முறை ஏற்ற வேண்டும். செலவைக் கம்பெனிக் காப்பீடுதான் பார்க்கிறது. வேலை போனால் மருந்தும் போகும். என்ன நியாயமோ, விரலைத் தின்கிற மருந்துக்கு அந்த விரலே உழைத்துப் போட வேண்டும். அதனால் விரல் மரத்துப்போனதை அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

லேப் தலைவர் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தார்.

"புது சப்ளையர் சரக்கு. எல்லாம் உருண்டைன்னு சத்தியம் பண்றான். மெஷினும் சரிங்குது. எனக்குத்தான் நம்பிக்கை இல்ல. குழந்தைங்க பவுடருக்குப் போறது. நீங்க சொன்னாத்தான் உள்ள விடுவேன்."

கிண்ணத்துக்கு மேலேயே கையை வைத்துத் தேய்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. வெறும் காற்றைத் தேய்ப்பது போல இருந்தது. கன்னத்துக்காவது தெரியுமே என்று கையைத் தூக்கினாள்.

"முகத்துல வேண்டாம்கா. பாதுகாப்புச் சோதனை இன்னும் முடியல."

கையை இறக்கினாள். இன்னொரு சிட்டிகை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தித் தேய்த்தாள். ஏதாவது சொல்லித் தொலையேன் என்று விரலிடம் மனசுக்குள் கெஞ்சினாள். அது வாயே திறக்கவில்லை. இன்னும் அழுத்தினாள்.

தெரியாததைத் தெரியும் என்று சொல்வது பாவம், அதுவும் குழந்தைகள் விஷயத்தில். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சாகப் பயமாக இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லா உருளுது சார். உறுத்தவே இல்ல. தாராளமாப் போடலாம்."

கண்ணைத் திறந்தாள். தலைவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பவுடரில் அங்கங்கே சிவப்புத் திட்டுகள்.

"இதுல யாரு சார் கலர் கலந்தது?" என்று கேட்டாள்.