இரண்டாவது கூடத்தில் மழை

சைகை மொழிபெயர்ப்பாளர் வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரத்திலிருந்து நீதிமன்றத்தின் இரண்டாவது கூடத்துக்குள் மழை பெய்தது. வெளியே நல்ல வெயில். கட்டடப் பொறியாளர் ஏணி போட்டு மொட்டை மாடிக்கு ஏறி, தளத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் தட்டிப் பார்த்துவிட்டு, மேலே துணி காயப்போடலாம், அவ்வளவு காய்ந்து கிடக்கிறது என்று சொல்லி இறங்கினார். அவர் சொன்னதில் நம்பிக்கை இல்லாமல் இன்னொரு பொறியாளரை வரவழைத்தார்கள். அவரும் அதையே சொன்னார். காது கேளாதவர்களின் வழக்கு வரும் நாளில் மட்டும்தான் மழை வருகிறது என்பதை நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து தட்டச்சு செய்யும் எழுத்தர்தான் முதலில் கவனித்தார். அந்தப் பெண் கையைத் தூக்கிச் சைகை செய்யத் தொடங்கியதும் அவளுடைய உள்ளங்கைகளிலிருந்து ஈரம் ஆவியாகக் கிளம்பி, மின்விசிறிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் திரண்டு, நீதிபதியின் மேடையில் தொடங்கி மூன்றாவது பெஞ்சு வரை தூறலாக விழுந்தது. நான்காவது பெஞ்சில் ஒரு சொட்டும் விழாது. வக்கீல்கள் நான்காவது பெஞ்சுக்கு முந்திக்கொண்டார்கள்.

அவளுக்கு இது புதிதில்லை. பத்து வயதில் ஆரம்பித்தது. கணக்குப் பரீட்சையில் விடைத்தாள் ஊறிப்போய், கூட்டல் கழித்தலுடன் ஓடி, கழித்தல் பெருக்கலுடன் கலந்து, கடைசியில் தாள் முழுக்க நீல நிறக் குட்டையாக நின்றது. ஆசிரியை அதைக் கொடியில் காயப்போட்டுத் திருத்திப் பார்த்தார், முடியவில்லை. கை கோத்து வட்டமாக நின்று ஆடும் விளையாட்டுகளில் அவளுடைய இரண்டு பக்கமும் எப்போதும் ஆள் நிற்க இடம் காலியாக இருந்தது. வீட்டில் மட்டும் ஒருவன் அவள் கையைச் சாதாரணக் கையாகப் பார்த்தான். அவளைவிட இரண்டு வயது இளைய தம்பி, பிறவியிலேயே காது கேளாதவன். அவனோடு பேசித்தான் அவளுடைய விரல்கள் பேசப் பழகின. சண்டை போடும்போது அவள் விரல்களிலிருந்து தெறித்துப் பறக்கும் சொட்டுகளை முகத்திலிருந்து வழித்து எறிந்துவிட்டு அவன் பதில் சொல்லுவான். அக்கா மெதுவாகப் பேசினால் தூறும், கத்தினால் கொட்டும் என்பது அவன் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த வேடிக்கை.

மற்றவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். ஏன் பயப்படுகிறாய்? அவள் பயப்படவில்லை. வீட்டில் யாரும் இல்லாத மத்தியானத்தில் கதைப் புத்தகம் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதும் கை ஒழுகியது. வேர்த்ததால்தான் பயம் வந்தது, பயத்தால் வேர்க்கவில்லை. இதை அவள் சொன்னபோதெல்லாம், பார், இப்போதுகூடப் பதட்டப்படுகிறாய் என்றார்கள். அத்தை பவுடர் டப்பா கொண்டுவந்தாள். பவுடர் கையில் மாவாகக் குழைந்தது. அப்பா மூச்சை இழுத்து விடச் சொன்னார். இழுத்து விட்டாள். மூச்சு சீரானது, கை ஒழுகிக்கொண்டே இருந்தது. அம்மா மட்டும் எதுவும் கொண்டுவரவில்லை. சமையலறைத் தொட்டியில் கைகளை விட்டுப் பாத்திரம் தேய்த்தபடி, திரும்பிப் பார்க்காமல், "மனசை அமைதியா வச்சுக்கோ, எல்லாம் தானா சரியாப் போயிடும்" என்பாள். பதினைந்து வருடமாக அதையே சொன்னாள். அந்த வாக்கியத்தைக் கேட்டாலே மகளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

இருபத்து நான்கு வயதில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அவளைப் பேசினார்கள். நல்ல மனிதர். வீட்டார் சம்மதத்தோடு இரண்டு பேரும் சினிமாவுக்குப் போனார்கள். இருட்டில் அவர் அவள் கையைப் பிடித்தார், அவள் இழுத்துக்கொள்ளவில்லை. இடைவேளை விளக்கு எரிந்தபோது அவருடைய சட்டைக் கை முழங்கை வரை நனைந்து, பேண்ட் நனைந்து, இரண்டு ஷூவிலும் தண்ணீர் நிரம்பியிருந்தது. நடக்கும்போது களக் களக் என்று சத்தம் வந்தது. அவர் குறை ஒன்றும் சொல்லவில்லை. ஜலதோஷம் பிடித்திருக்கிறது, சரியானதும் பேசலாம் என்று சொல்லி அனுப்பினார். அந்த ஜலதோஷம் இன்னும் சரியாகவில்லை.

நீதிமன்றத்தில் மழை தொடங்கிய பிறகு எழுத்தர்தான் ஒரு தோல் மருத்துவரின் முகவரியைக் கொடுத்தார். கொஞ்சம் அக்கறை, மிச்சம் அவருடைய தட்டச்சு இயந்திரம் துருப்பிடித்துப் போன கோபம். துணைக்கு அம்மாவும் போனாள். மருத்துவர் அவளுடைய கைக்குக் கீழே ஒரு வாளியை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"தூங்கும்போது வேர்க்குதா?"

"இல்ல டாக்டர். தூங்கினா சுத்தமா காஞ்சிடும்."

"ரெண்டு கையும் ஒரே மாதிரியா? சின்ன வயசுலேர்ந்தா?"

"ஆமா. பாதத்துலயும் உண்டு. என்னைப் பயப்படாம இருக்கச் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

மருத்துவர் சிரிக்கவில்லை. சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிவிட்டு, இது பயமும் இல்லை, சுத்தக் குறைவும் இல்லை, மிகைவியர்வை என்கிற நோய் என்றார். வியர்வைச் சுரப்பிகள் சரியாகத்தான் இருக்கின்றன, அவற்றுக்கு உத்தரவு போடும் நரம்புதான் தேவை இருக்கிறதோ இல்லையோ உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கிறது என்றார். கவலைப்பட்டால் கூடும், ஆனால் கவலை அதன் காரணம் இல்லை. பல குடும்பங்களில் பரம்பரையாக வரும். "உங்க வீட்ல வேற யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். "யாருக்கும் இல்ல" என்று அம்மா சட்டென்று சொன்னாள். கைகளை ஈரத் துண்டுக்குள் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

வெளியே வந்ததும் மகள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நிம்மதியில் இல்லை, ஆத்திரத்தில். இதற்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. அவள் விடைத்தாளைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்த நாளிலும் அந்தப் பெயர் புத்தகங்களில் இருந்திருக்கிறது. அத்தனை வருடமும் ஒருவர் பாக்கியில்லாமல் அவளை அமைதியாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் வீட்டில் பழைய குழாய்களை மாற்ற ஆள் வந்தார். சமையலறைத் தொட்டிக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, "இதுக்கு லைனே இல்லையேங்க, எப்பவோ அடைச்சு வச்சிருக்காங்க" என்றார். கழற்றிய குழாய்க்குள் துருவும் ஒரு பழைய சிலந்திக் கூடும்தான் இருந்தன. தொட்டியிலோ விளிம்பு வரை தெளிந்த தண்ணீர். அம்மாவின் கைகள் அதற்குள் இருந்தன. அந்த வீட்டில் முப்பது வருடமாகப் பாத்திரம் தேய்த்தது, அரிசி களைந்தது, துணி அலசியது எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். யாரும் குழாய் திறக்கும் சத்தத்தைக் கேட்டதில்லை, கேட்கவில்லை என்று தோன்றியதும் இல்லை.

"என்னைப் பார்க்க வந்தவங்க மூணு பேர் கையைப் பார்த்துட்டு வேணாம்னுட்டாங்க" என்றாள் அம்மா. "நாலாவதா உங்கப்பா வந்தாரு. அப்பப் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். வேலை செய்யற கை, ஈரமாத்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டாரு. நானும் அப்படியே நின்னுட்டேன்."

"அப்புறம் எதுக்கும்மா என்னை மட்டும் அமைதியா இருன்னே?"

"என்கிட்ட என்ன சொன்னாங்களோ அதைத்தானே உன்கிட்ட சொன்னேன். வேற என்ன தெரியும் எனக்கு?"

அப்பா ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அதனால்தான் நம் வீட்டுப் பாத்திரம் எப்போதும் அப்படிப் பளபளத்தது என்றார். வேறு கருத்து அவருக்கு இல்லை. மகள் அன்றோடு அம்மாவிடம் பேச்சை நிறுத்தினாள். உப்பு வேண்டும், கதவைச் சாத்து, நாளைக்கு வர நேரமாகும் என்பதையெல்லாம் தம்பி ஒருத்தியிடமிருந்து வாங்கி இன்னொருத்தியிடம் சைகையில் சேர்ப்பித்தான். காது கேட்கிற இரண்டு பேருக்கு நடுவில் காது கேளாதவன் தூது போய் அலுத்துப்போனான்.

மருந்துகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் படுக்கப் போகும்போது தடவும் திரவம். கை எரிந்தது, தோல் உரிந்தது, தூறல் கொஞ்சம் குறைந்தது. பிறகு மாத்திரை. கை காய்ந்தது, கூடவே நாக்கும் கண்ணும் காய்ந்தன. சாட்சி சைகையில் சொல்வதை வாயால் நீதிபதிக்குச் சொல்ல வேண்டியவள், மேலண்ணத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு பாதி வாக்கியத்தில் நின்றாள். பிறகு உள்ளங்கை முழுக்க ஊசி. அது நன்றாக வேலை செய்தது, பல மாதம் கூடத்தில் ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் முதல் சில வாரங்களுக்குக் கட்டைவிரலில் பலம் குறைந்து, சுண்டுவிரல் நினைத்த இடத்தில் போய் நிற்கவில்லை. "அக்கா, உன் கை திக்குது" என்றான் தம்பி. ஊசியின் வேகம் தீர்ந்ததும் அவள் மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. மார்புக்குள் நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சையும் இருந்தது. செய்துகொண்ட ஒரு லிஃப்ட் ஓட்டுநரைப் போய்ப் பார்த்தாள். அவருடைய கை மரப்பலகை போல் காய்ந்திருந்தது. ஆனால் அங்கே நின்ற வியர்வை முதுகுக்கு இடம் மாறி அருவியாகக் கொட்டியது. ஏழாவது மாடி போவதற்குள் லிஃப்டில் கணுக்கால் நனைந்தது. வருத்தப்படுகிறீர்களா என்று கேட்டாள். "சில நாள்" என்றார் அவர், பொத்தானை அழுத்தியபடி. அவள் வேண்டாமென்று திரும்பிவிட்டாள். மின்சாரத் தட்டு ஒன்று பாக்கி இருந்தது. தண்ணீருள்ள இரண்டு தட்டுகளில் கைகளை வைத்து, லேசான மின்சாரத்தை அரைமணி நேரம் விட வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை தவறாமல் செய்தால் தூறல் பனிமூட்டமாகக் குறைந்தது. ஒரு வாரம் தவறினால் பழையபடி மழை.

அப்படித் தவறிய ஒரு வாரத்தில்தான் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்ணின் வழக்கு வந்தது. காது கேளாதவள். வெட்டும் இயந்திரத்தில் வலது கை ஆள்காட்டி விரலை இழந்திருந்தாள். விரலோடு சில சொற்களும் போய்விட்டன. அவற்றை வேறு விரலால் சொல்லப் பழகிக்கொண்டிருந்தாள். கவனக்குறைவு என்றது தொழிற்சாலை. இயந்திரத்தின் மூடியைப் பல நாளைக்கு முன்பே கழற்றிவிட்டார்கள் என்றாள் அவள். தொழிற்சாலையின் வக்கீல் எழுந்து, ஆவணங்கள் நனைந்து நாசமாகின்றன, இந்த மொழிபெயர்ப்பாளரை மாற்ற வேண்டும், பதட்டமே தணியாத ஒருவர் சொல்லும் மொழிபெயர்ப்பை எப்படி நம்புவது என்று கேட்டார். ஓயாமல் தும்மிக்கொண்டிருந்த நீதிபதி, மாற்ற வேறு ஆள் இல்லை, ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டார்.

போட்டுக்கொண்டாள். ஐந்து நிமிடத்தில் கையுறைகள் பலூனாக ஊதி, விரல்கள் பத்தும் சேர்ந்து இரண்டு பூசணிக்காய்களாகத் தொங்கின. அவள் கேட்ட கேள்வி சாட்சிக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள், புரியவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லாததைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றார் வக்கீல். மொழிபெயர்ப்பாளர் பயப்படாமல், நிதானமாகச் செய்தால் போதும் என்றும் சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்.

அவள் கையுறைகளை உருவி எறிந்தாள். இரண்டு குடம் தண்ணீர் தரையில் கொட்டிச் சாட்சிக் கூண்டுக்குக் கீழே ஓடியது. வாயால் பேசிக்கொண்டே, சாட்சிக்கும் தெரிய வேண்டும் என்று கையாலும் அதையே சொன்னாள்.

"ஐயா, எனக்குப் பயம் இல்ல. பத்து வயசுலேர்ந்து பயப்படாதே பயப்படாதேன்னு சொல்லியே என்னைப் பயமுறுத்தி வச்சிருக்காங்க. இது நோய். வைத்தியம் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். கொஞ்ச நாள் கேட்கும், கொஞ்ச நாள் கேட்காது. எனக்கு வேர்க்கிறதுனால இந்தம்மா சொல்றது பொய்யாயிடாது. இவங்களுக்கு என் கைதான் காது, என் வாய்தான் வாய். கையை மூடச் சொன்னா, இவங்க வாயை மூடச் சொல்ற மாதிரிங்க ஐயா."

கூடத்தில் மழை வலுத்தது. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி நனைந்தது, மறுபடி துடைத்தார். பிறகு, "நனையறது காகிதம்தானே, அதை மூடுங்க" என்றார். எழுத்தர் பிளாஸ்டிக் உறைகள் கொண்டுவந்தார். ஆவணங்கள் உறைக்குள் போயின, தட்டச்சு இயந்திரத்துக்குக் கண்ணாடிப் பெட்டி வந்தது, வக்கீலுக்கு நான்காவது பெஞ்சில் இடம் கிடைக்கவில்லை. சாட்சி ஒன்பது விரல்களால் எல்லாவற்றையும் சொன்னாள். மூடியைக் கழற்றியது யார், யாரிடம் முறையிட்டாள், என்ன பதில் வந்தது, எல்லாம். சில மாதம் கழித்துத் தீர்ப்பு அவளுக்குச் சாதகமாக வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிடவில்லை. கைபேசி அவள் விரலை விரலென்று ஒப்புக்கொள்ளவில்லை. செருப்பு வழுக்கியது. கதவுக் குமிழ் கைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. புதிதாக வந்த ஒவ்வோர் ஊழியரும் அன்போடு, பயப்படாதீங்க மேடம் என்றார்கள். அவளுக்கு ஒவ்வொரு முறையும் அதே எரிச்சல் வந்தது. "பயம் இல்ல, நரம்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ஒருநாள் அவள் மருத்துவரிடம் கிளம்பும்போது அம்மா தொட்டியிலிருந்து கைகளை எடுத்தாள். துண்டு எதுவும் சுற்றிக்கொள்ளவில்லை. விரல் நுனிகளிலிருந்து இரண்டு தாரை விழ, படிகளை நனைத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கி வந்தாள். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் காலைத் தூக்கிக்கொண்டார். "வீட்ல வேற யாருக்கும் இல்லன்னு சொன்னேனே, அது பொய் டாக்டர்" என்று மருத்துவரின் அறையில் அம்மாவே சொன்னாள். மருத்துவர் இன்னொரு வாளியை எடுத்து வைத்தார். திரும்பும் வழியில் மகள்தான் முதலில் பேசினாள். "தட்டுல வச்சா முதல்ல சுருக்குன்னு இருக்கும். கையை வெடுக்குனு எடுத்துடாதே."

இப்போது சமையலறை மேசையில் இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன. தொட்டிக்குப் புதுக் குழாய் போட்டாகிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து கைகளைத் தட்டுகளில் வைத்துக்கொண்டு, யாருடைய இயந்திரம் அதிகம் சுருக்கென்கிறது என்று சண்டை போடுகிறார்கள். அந்த நேரத்தில் அடுப்புக்கு மேலே லேசாகத் தூறும். போன வாரம் தம்பி வேலை முடிந்து வந்து வாசற்படியில் நின்று, சாப்பாடு தயாரா என்று சைகையில் கேட்டான். இரண்டு பேருடைய கைகளும் தண்ணீரில் மாட்டிக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல ஆளில்லை. அவன் தானே போட்டுக்கொண்டு, தட்டை இன்னொரு தட்டால் மூடி, மழை இல்லாத முன்னறைக்கு எடுத்துப்போனான்.