இரண்டு மணி பஸ்ஸில் வந்த உளுவை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கடைப்பலகை எழுதும் பரக்கத் அலிக்கு, வரைய முடியாதது என்று உலகத்தில் ஒன்றும் இருந்ததில்லை. சோடாக் கடைக்குச் சிங்கம், ஜவுளிக் கடைக்கு மயில், ஜட்கா வண்டிக்கு ரோஜாப்பூ. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் சரவணமுத்து வாத்தியார் காவிரி மீன்களைப் பெரிய படங்களாக எழுதவைத்து வகுப்பில் மாட்ட ஆசைப்பட்டு, அலியிடம் முதலில் உளுவையைக் கேட்டார். அலி கடைத்தெருவில் ஒன்றை வாங்கி வைத்து, ஒரே பகலில் எழுதி முடித்துவிட்டார்.

வாத்தியார் படத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அலி, மீனுக்கு இமைமயிர் கிடையாது."

"அழகுக்குப் போட்டதுங்க சார்."

"நிறம் ஏன் இப்படிச் சேறு மாதிரி இருக்கு?"

"கடையில அப்படித்தான் இருந்துச்சுங்க."

"செத்த மீன் அப்படித்தான் இருக்கும். உயிரோட பார்த்து எழுது. இதை விரால்னு சொன்னாலும் நம்புவாங்க, ஓணான்னு சொன்னாலும் நம்புவாங்க."

ஓணான் என்ற சொல் அலியைச் சுட்டுவிட்டது. மறுநாள் விடிந்ததும் மிட்டாய்க் கடையில் ஒரு கண்ணாடி ஜாடியை இரவல் வாங்கிக்கொண்டு, வர்ணப் பெட்டியோடு காவிரிக்கரைக் குமாரபாளையத்துக்குப் பஸ் ஏறினார். யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு புகைவிட்டபடி ஓடின.

ஆற்றில் முழங்கால் தண்ணீரில், மீன் விற்கும் முத்தாயம்மாள் மணலைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். உளுவை மணலுக்குள் பதுங்கிக் கிடக்கும். பாதத்துக்கடியில் நெளிந்ததும் குனிந்து அமுக்கிவிடுவாள்.

"அக்கா, உசுரோட ஒரு உளுவை வேணுங்க. படம் எழுதறதுக்கு."

முத்தாயம்மாள் நிமிர்ந்தாள். "திங்கறதுக்கில்லீங்களா?"

"இல்லீங்க."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே சாண் நீளத்துக்கு ஒன்றைப் பிடித்து ஜாடியில் விட்டாள். பிறகு அவளுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. கூடையைப் பக்கத்துக்காரியிடம் தள்ளினாள். "ஏனுங்க பாய், நானும் வாரேன். அதை எப்படி எழுதறீங்கன்னு பார்க்கோணும். சேலத்துல தங்கச்சி ஊடு இருக்குது, ராத்திரி அங்க தங்கிக்குவேன்."

இரண்டு மணி பஸ்ஸில் கண்டக்டர் வழிமறித்தார். "மீன் ஏத்தக் கூடாது. நாறும்."

"நாறுறது செத்த மீனுங்க. இது சும்மா உக்காந்து வரும்," என்றாள் முத்தாயம்மாள். கண்டக்டர் யோசிப்பதற்குள் இருவரும் ஜாடியும் உள்ளே உட்கார்ந்தாயிற்று.

சங்ககிரிக்கு முன்னால் மேடு வந்ததும் பஸ் இருமியது. இன்னொரு தடவை இருமிவிட்டு நின்றது. டிரைவர் கரி அடுப்பைக் கிளறினார். ஆம்பளைகளையெல்லாம் இறங்கித் தள்ளச் சொன்னார் கண்டக்டர். அலி ஜாடியைச் சாலையோரச் சிறுபாலத்துச் சுவரின்மேல் வைத்தார். குலுக்கல் நின்று தண்ணீர் அடங்கியது. வெயில் ஜாடிக்குள் இறங்கியது.

அலி குனிந்து பார்த்தார். சேற்று நிறம் எங்கே? தேன் நிறத்து உடம்பு. விலாவில் வரிசையாகக் கருந்திட்டுகள். கன்னத்தில் ஊதா மினுக்கம். முதுகில் ஒன்றல்ல, இரண்டு துடுப்புகள், விசிறிபோல விரிந்து, ஒவ்வொன்றிலும் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள். அவர் பஸ்ஸை மறந்தார். பெட்டியைத் திறந்து தரையில் சப்பணமிட்டார்.

"பாய், தள்ள வாங்க!" என்று கண்டக்டர் கத்தினார்.

"அவரு மீன் எழுதறாருங்க!" என்று முத்தாயம்மாள் பதிலுக்குக் கத்தினாள்.

தள்ளப் போனவர்கள் திரும்பி வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் குடை பிடித்தார். "திட்டு அஞ்சா ஆறா?" என்று வழக்கே கிளம்பிவிட்டது. ஐந்து என்றவரும் ஆறு என்றவரும் ஜாடியின்மேல் குனிய, மிரண்டுபோன உளுவை ஒரே துள்ளலில் வெளியே பாய்ந்து செம்மண்ணில் விழுந்தது.

பஸ்ஸே அதைத் துரத்தியது. வேட்டிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கடைசியில் டிரைவர் தன் காக்கித் தொப்பியைக் கவிழ்த்து மீனைப் பிடித்தார். தள்ளுமுள்ளில் ஜாடித் தண்ணீர் பாதிக்குமேல் கொட்டிப் போயிருந்தது.

"தண்ணி! தண்ணி!" என்று அலி அலறினார்.

டிரைவர் யோசிக்கவேயில்லை. ரேடியேட்டருக்கு வைத்திருந்த தகர டின்னை எடுத்து முழுதும் ஜாடியில் ஊற்றிவிட்டார். ஊற்றியபிறகுதான் பஸ்ஸுக்குத் தண்ணீர் இல்லை என்பது நினைவு வந்தது. தலையில் அடித்துக்கொண்டு, இரண்டு பேரோடு கிணறு தேடிப் போனார். போகும்போதே சிரித்துக்கொண்டு போனார்.

களைத்த உளுவை கண்ணாடியில் வயிற்றை ஒட்டவைத்துக்கொண்டு நின்றது. "இதா பாருங்க," என்று முத்தாயம்மாள் விரலை வைத்தாள். "அடித் துடுப்பு ரெண்டும் சேந்து கிண்ணமாட்ட இருக்குது. விராலுக்கு இப்படி இருக்காதுங்க. கண்ணை மூடிட்டுத் தடவுனாலும் எனக்குத் தெரியும்."

அலி அந்தக் கிண்ணத்தைத் தனியாக, படத்தின் ஓரத்தில், மூன்று தடவை எழுதினார். மூன்றாவது தடவை சரியாக வந்தபோது, முன்பின் தெரியாத ஒரு வெற்றிலை வியாபாரி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கிணற்றுத் தண்ணீர் வந்து பஸ் கிளம்பி, பொழுது சாயும் நேரத்தில் இருவரும் வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சரவணமுத்து படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். ஜாடியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். ஓரத்துக் கிண்ணத்தைப் பார்த்ததும் "அடடா!" என்று ஒரு குதி குதித்தார். "புத்தகத்துல பக்கம் பக்கமா எழுதியிருக்கிறதை யார் உனக்குச் சொன்னது?"

அலி முத்தாயம்மாளைக் காட்டினார். வாத்தியார் அவளுக்குக் கைகூப்பினார். அவள் வெட்கப்பட்டு ஜாடிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"ஒரே ஒரு குறை. மீன் படம்னா தலை இடது பக்கம் இருக்கணும். எல்லா தேசத்திலும் அதுதான் வழக்கம். இது வலது பக்கம் பார்க்குது."

அலியின் முகம் விழுந்தது. முத்தாயம்மாள்தான் முன்னே வந்தாள். "அது சேலத்தைப் பார்த்துட்டு வந்துச்சுங்க சாமி. திரும்புன்னா திரும்புமா?"

வாத்தியார் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். படத்தைத் திருப்பி எழுதச் சொல்லவில்லை. அதன் அடியில் 'எழுதியவர் பரக்கத் அலி, அடையாளம் காட்டியவர் முத்தாயம்மாள்' என்று அன்றைக்கே மையால் எழுதினார். தன் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று கேட்டு, முத்தாயம்மாள் அந்த எழுத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உளுவையைக் கல்லூரித் தொட்டியில் விட்டுவிட்டு வந்ததும், வாத்தியார் ஒரு காகிதத்தை விரித்தார். இன்னும் நாற்பத்திரண்டு மீன்கள்.

"அடுத்தது ஆரால்," என்றார் வாத்தியார்.

"அது பாம்பாட்ட வழுக்கும், கையில நிக்காதுங்களே!" என்றாள் முத்தாயம்மாள், ஆனந்தமாக.