கொலைகாரன் கையில் பல் தடம்

விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் கிளார்க்காக இருந்த விருத்தாசலத்துக்கு, 1962ஆம் வருஷம் மாசி மாதத்தில் அவசரமாக ஒரு கொலைகாரன் தேவைப்பட்டான்.

கொலை நடந்து பத்து வாரமாகிவிட்டது. சவுரிராயன் நடத்திய வாரப் பத்திரிகையில் அது அவன் எழுதும் தொடர்கதையாக வந்துகொண்டிருந்தது. ஒரு பழைய வீடு. அதன் பின்கட்டில் செங்கல் வைத்துப் பூசி அடைத்த ஒரு வாசல். ஐந்து வயதில் அங்கே எதையோ பார்த்து, பார்த்ததை மறந்தும் போன கதாநாயகன். அன்றைக்கு அவன் வாயைப் பொத்திய ஒரு கை. அந்தக் கையைப் பையன் கடித்து வைத்திருந்ததால், கட்டைவிரலுக்குக் கீழே பல் தடம் உள்ளவனே குற்றவாளி என்று துப்பறியும் நிபுணர் ஆறாம் வாரமே சொல்லிவிட்டார். பிறகு நாலு வாரமாக ஊரார் கையையெல்லாம் பிடித்துப் பார்த்து, ரேகை ஜோசியர் மாதிரி அலைந்துகொண்டிருந்தார்.

சவுரிராயன் பார்சல் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"இன்னா சார், கடைசி அத்தியாயம் எங்க? கொலைகாரன் யாருன்னு உங்களுக்காவது தெரியுமா?"

"தெரியும் சார். இப்பவே சொல்லிட்டா சுவாரசியம் போயிடும்."

"என்கிட்டயுமா?"

விருத்தாசலம் ஒரு வெற்றிலைக் கூடைக்கு மும்முரமாகச் சீட்டு ஒட்டினான்.

அவனுக்குத் தெரியாது. அந்த வாசலையும் கையையும் அவன் கற்பனை செய்யவில்லை. இரண்டும் அவன் பிறந்த திண்டிவனத்து வீட்டில் இருந்தவை. வேப்பிலை வாசனை, துணியில் சுற்றி எதையோ கொல்லை வழியாக எடுத்துப்போன ஆட்கள், ஒருவர்கூட அழாத வீடு, கரணையும் கையுமாகச் சுவர் பூசிய அப்பா. இவ்வளவுதான் ஞாபகம். கடைசி அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கொலைகாரன் அப்பாவின் மீசையோடு கதைக்குள் வந்து நின்றான். அடித்து அடித்து எழுதியதில் மை தீர்ந்ததுதான் மிச்சம். அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. கொள்ளி வைத்த கையோடு, 'யாரைக் கொன்னீங்கப்பா?' என்று மனசுக்குள் கேட்டவன் அவன். பதில் தெரியாமல் கதையும் முடியாது, அப்பாவும் முடியமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திண்டிவனம் போனான். அக்கா வீரம்மாள் இப்போது குடும்பத்தோடு அந்த வீட்டில் இருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க நாவலாசிரியரே. நம்ம வூட்டயே எழுதிக்கினு இருக்கியாமே. எதிர்வூட்டுக்காரி தெனம் வந்து சுவத்த தட்டிப் பாக்கறா."

"அக்கா, பின்கட்டுல அடைச்ச அந்த அறையில இன்னா நடந்தது?"

"மோரு குடிக்கிறியா?"

"அக்கா!"

"உன் பையனுக்கு இருமல் நின்னுதா?"

ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. கிணற்றுத் தண்ணி, மாமாவின் முழங்கால், எருமையின் உடல்நிலை எல்லாம் பேசப்பட்டன; அறை பேசப்படவில்லை. பொறுமை போன விருத்தாசலம் மாட்டுக்கொட்டகையிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்து சுவரில் இரண்டு போடு போட்டான். மர்மம் திறக்கவில்லை. கண்ணுக்குள் சுண்ணாம்புக் காரை விழுந்தது.

"பேஜாரு புடிச்சவனே, குடு இப்படி!" கடப்பாரையைப் பிடுங்கி எறிந்த அக்கா, அவன் இமையை விரித்துப் பிடித்து ஊதினாள். அவன் நல்ல கண்ணால் எதிரே இருந்த கையைப் பார்த்தான். கட்டைவிரலுக்குக் கீழே, பிறை மாதிரி, வெளுத்துப்போன பல் தடம்.

"இது...?"

"நீ கடிச்சதுதான். நாய்கூட அப்படிக் கடிக்காது. கொலைகாரின்னு என் பேரப் போட்டு எழுதிக்கோ போ."

அவள் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கொரு தங்கச்சி இருந்தா. சின்னபொண்ணுன்னு பேரு. ரெண்டு வயசு. உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் அம்ம போட்டுது. அவள ஆத்தா அழைச்சுக்கினா. அம்மயில போனா அழக்கூடாது. அழுதா ஆத்தா கோவிச்சுக்கினு அடுத்ததையும் கேப்பாளாம். நீதான் அடுத்தது. 'பாப்பா எங்க'ன்னு கத்த வாயத் தொறந்த. எனக்குப் பதினோரு வயசு. வேறென்ன தெரியும்? பொத்திட்டேன்."

விருத்தாசலம் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். அம்மைத் தழும்பு குழிகுழியாக நிரடியது. தினமும் சவரம் செய்தபோதெல்லாம் இந்தத் தடயத்தின் மேல்தான் சோப்பைப் பூசிக்கொண்டிருந்திருக்கிறான். துப்பறியும் கதை எழுத வந்துவிட்டான்!

"அப்புறம் சுவரு?"

"அம்மா அந்த அறைய வுட்டு வரல. சோறு இல்ல, தண்ணி இல்ல. அப்பா அவங்கள எப்படியோ கெளப்பி மயிலம் கோயிலுக்கு அனுப்பிட்டு அன்னைக்கே பூசிட்டாரு. மூக்க உறிஞ்சிக்கினே பூசினாரு. இன்னாப்பான்னு கேட்டா, சுண்ணாம்பு நெடின்னாரு. அவள பத்தி இந்த வூட்ல பேசக் கூடாதுன்னாரு. யாரும் பேசல."

"அக்கா, நான் அப்பாவத்தான் நெனச்சுக்கினு இருந்தேன்."

"கொள்ளி வெச்சப்பவுமா?"

"அப்பவும்தான்."

அவள் அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். ஐந்து வயதுக்காரனுக்கு வைக்கிற குட்டு. அவன் வாய் கோணியது.

"இப்ப அழலாமா அக்கா?"

"இருபத்தொம்பது வருசமாச்சு. ஆத்தாளுக்கே மறந்து போயிருக்கும்."

அவன் வாயைத் திறந்ததுமே பழக்கதோஷத்தில் அவள் கை மேலே வந்தது. பாதியில் நின்றது. அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டு முதலில் அழுதவள் வீரம்மாள்தான். சுவரைத் தட்டிப் பார்க்க வந்த எதிர்வீட்டுக்காரி, வாசலோடு திரும்பிப் போனாள்.

பஸ்ஸுக்குப் புறப்படும்போது மல்லாட்டைப் பொட்டலத்தை அவன் பையில் திணித்துக்கொண்டே அக்கா கேட்டாள். "பத்திரிகைக்காரருக்கு இன்னா சொல்லப்போற?"

"கொலையே நடக்கலன்னு எழுதப்போறேன்."

"சும்மா வுடுவாரா?"

"அடிக்க வருவாரு. அந்தப் பாப்பா பேரையாவது அவரு அச்சுல போட்டுட்டு அடிக்கட்டும்."