நேயர் கடிதம் பதினொன்று

வானொலி நிலையத்தில் அவரை எல்லோரும் ‘ஏழு மணி’ என்றுதான் சொல்வார்கள். காலை ஏழு மணிச் செய்தியைப் பத்தொன்பது ஆண்டுகளாக அவர்தான் வாசித்து வந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று அவர் சொன்னால்கூட எங்கோ ஆட்சி கவிழ்ந்ததுபோல் இருக்கும்.

அடுத்த மாதத்திலிருந்து அந்தச் செய்தியை யார் வாசிப்பது என்று முடிவு செய்யக் கூட்டம் நடக்கும் எனச் சுற்றறிக்கை வந்தது. போட்டிக்கு இருந்தது ஒரே ஆள். மதியச் செய்தி வாசிக்கும் பெண். வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. தொண்டையைக்கூடச் செருமாமல் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு விஷயம் சொல்வதுபோல் உலக நடப்பைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அதையும் பொறுத்திருப்பார். விடுமுறை நாளில் மதியம் வீட்டில் வாயைத் திறந்தபோது மனைவி கையமர்த்தினாள்.

“செத்த சும்மா இருங்க. அந்தப் பொண்ணு படிக்குது.”

“நான் படிக்கிறப்ப மட்டும் மிக்சி போடற?”

“உங்களத்தான் நாள் பூரா கேக்கறேனே!”

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பொது நிறுவனம் என்பதால், நேயர்கள் எழுதும் எந்தக் கடிதமானாலும் பதிவேட்டில் ஏற்றி, பதில் போட்டு, கூட்டத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. நேயர்கள் எழுதுவதை நிறுத்தித்தான் வெகுநாளாயிற்று. பதிவேட்டை எழுத்தர் தன் மேசைக் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்தார்.

ஏழு மணி பேனா எடுத்தார். இரண்டு வாரத்தில் பதினோரு புகார்கள். சிலவற்றை இடது கையால் எழுதினார். லாரி ஓட்டுநராக இருந்து கொஞ்சம் திட்டினார். இல்லத்தரசியாக இருந்து வருத்தப்பட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருந்தபோதுதான் அவர் முழுமூச்சாக இறங்கினார். ‘வரவுசெலவுத் திட்டத்தைப் பந்திக்குக் கூப்பிடுகிற குரலில் வாசிக்கிறார். வரி உயர்வுக்கு முன்னால் சிறிது நிறுத்தினால் கேட்பவன் நாற்காலியையாவது பிடித்துக்கொள்வான்’ என்று நான்கு பக்கம் போயிற்று. முகவரிக்குத் தன் மச்சினன், சகலை, சம்பந்தி வீடுகளையெல்லாம் பங்கு போட்டுக்கொடுத்தார்.

கூட்டத்தில் எழுத்தர் கடிதங்களை அடுக்கி வைத்தார். இயக்குநர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார்.

“பதினொண்ணா!”

“எல்லாமே புகார், சார்,” என்றார் ஏழு மணி, துக்கச் செய்திக்கு உரிய குரலில்.

“இருக்கட்டுமேய்யா! ஒரு மனுசன் கடைசி வரைக்கும் ரேடியோ கேட்டு, ஸ்டாம்ப் வாங்கி ஒட்டியிருக்கான். மேல அனுப்பற அறிக்கைல ‘நேயர் ஈடுபாடு’ன்னு ஒரு கட்டம் இருக்கு. ஆறு வருசமா அதுல கோடு போட்டு அனுப்பறேன்.” எழுத்தர் பக்கம் திரும்பினார். “ஏழு மணி சாருக்கு எத்தனை வந்திருக்கு?”

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். “ஒண்ணு இருக்கு சார்... இல்ல, இது கரண்ட் பில்லு. தப்பா ஏத்திட்டேன்.”

முடிவுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஏழு மணிச் செய்தி அந்தப் பெண்ணுக்குப் போனது. அவருக்கு நேயர் தொடர்புப் பிரிவு. இயக்குநர் தோளில் தட்டிக்கொடுத்தார். “உங்க எழுத்து கனமா இருக்கும். பதினோரு பேருக்கும் நீங்களே பதில் போட்டுருங்க.”

மாடிப்படியில் அந்தப் பெண் எதிரே வந்தாள். முகத்தில் வெற்றிக்களை இருந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தேடிப் பார்த்தார். இல்லை.

“சார், அந்தத் தலைமையாசிரியர் லெட்டரை நாலு தடவை படிச்சேன். ராத்திரி அழுதேன். ஆனா சொன்னது அத்தனையும் சரி சார். இவ்வளவு கவனமா என்னை யாருமே கேட்டதில்லை. அவருக்கு என் நன்றியைத் தனியா எழுதிருவீங்களா?”

“எழுதறேம்மா,” என்றார். அதைச் சொல்ல அவருக்கு மூன்று இடைவெளி தேவைப்பட்டது.

முதல் தேதி காலை, நேயர் தொடர்புப் பிரிவின் ஒலிபெருக்கியில் அவள் ஏழு மணிச் செய்தி வாசித்தாள். அவர் காதைத் தீட்டிக்கொண்டு பிழைக்காகக் காத்திருந்தார். வரி உயர்வு வந்தது. அதற்கு முன்னால் சரியாக அவர் கேட்ட அளவுக்கு நிறுத்தினாள். எழுத்தர் தன்னையறியாமல் நாற்காலிக் கையைப் பிடித்தார்.

“பாருங்க சார், பக்கத்துல உக்காந்து யாரோ சொல்லிக்குடுத்த மாதிரி இல்ல?”

ஏழு மணிக்கு வயிறு எரிந்தது. முன்னால் தலைமையாசிரியருக்கான பதில் கிடந்தது. ‘தங்கள் மேலான அக்கறைக்கு’ வரை எழுதியிருந்தார்.